கயிறு திரித்த வழக்கு

போன மாதம் ஒரு நாள் காலையில் ஷீபா போன் செய்தாள். என் மைத்துனன் மகள். நெய்யாற்றின்கரையில் வக்கீலாக இருக்கிறாள்.

"மாமா, ஒரு சாட்சிக்காரி தமிழிலே வாக்குமூலம் குடுத்திருக்கா. 'அவன் கயிறு திரிச்சான்'னு ஒரு இடத்திலே வருது. கம்ப்யூட்டர்லே போட்டா, அவன் கயிறு உண்டாக்கினான்னு வருது. பொய் சொன்னான்னுல்லா அர்த்தம்? அது கெடக்கட்டும், பொய் சொல்லுகதுக்கு நாம எதுக்கு கயிறு திரிக்கான்னு சொல்லுகோம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வார்த்தையில் நானும் ஒருமுறை தடுக்கி விழுந்தவன்தான், அதில் ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகப் பார்த்தான் என்றேன். முழுக்கதையும் சொல்லி முடித்தபோது அவளுக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. "இதை எழுதி வையுங்க மாமா, வாயால சொன்னா எங்களுக்கு மறந்துபோவும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதனால் எழுதுகிறேன்.

நான் கோர்ட்டில் துவிபாஷியாக வேலை பார்த்தவன். தமிழில் சாட்சி சொல்கிறவர்களின் பேச்சை மலையாளத்திலும், மலையாளத்தில் கேட்கிற கேள்வியைத் தமிழிலும் எடுத்துச் சொல்கிற வேலை. எந்தக் கோர்ட் என்று எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாறசாலைக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ், பிறகு சர்க்கார் பள்ளியில் மலையாளம். வீட்டில் தமிழ், ரோட்டில் இறங்கினால் இரண்டும். பழைய துவிபாஷிக்குக் கண் மங்கிப்போய் அவர் ஓய்வு பெற்றதும், தற்காலிகமாக என்னை எடுத்தார்கள். தலைமை குமாஸ்தா மூன்று நாள் காலையில் சொல்லித் தந்ததுதான் பயிற்சி. சாட்சி 'நான்' என்று சொன்னால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவள் இப்படிச் சொல்கிறாள்' என்று சேர்க்கக் கூடாது. சாட்சி அழுதால் நான் அழக் கூடாது, கத்தினால் கத்தக் கூடாது. முதல் வாரத்திலேயே, "நான் ஆறு பிள்ளை பெற்றவள் ஏமானே" என்று நடுக்கோர்ட்டில் கணீரென்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது வேலை என்று புரிந்தது.

மாஜிஸ்திரேட் இட்டி மாத்தன் சார் வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்ததுபோல நடிக்கவும் மாட்டார். சாட்சியத்தைத் தம் கைப்பட எழுதுவார். நான் ஒரு வாக்கியம் சொன்னதும் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். பேனாவை மைக்கூட்டில் தொட்டு விளிம்பில் இரண்டு தரம் தட்டுவார். எழுதி முடித்து, மை ஒற்றும் தாளை அமுக்கி எடுத்த பிறகுதான் அடுத்த வாக்கியம். அவசரப்பட்டு நான் வாய் திறந்தால், தலை நிமிராமல் இடது கையை மட்டும் தூக்குவார். சாட்சியின் முகத்தைப் பார்க்க மாட்டார், கைகளைத்தான் பார்ப்பார். என்னிடம் அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "எந்து பறஞ்ஞு?" என்ன சொன்னாள்? என்ன நினைத்துச் சொன்னாள் என்று கேட்டதே இல்லை.

சாட்சியம் முடிந்ததும் அவர் எழுதியதை நான் சாட்சியின் மொழியில் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். சரி என்று சாட்சி ஒப்புக்கொண்டு கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்த பிறகுதான் அது செல்லும். இந்த வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் ஒரு இடத்தில் அதுவும் உதவாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவை, மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிவதற்கு முன், எல்லைப் போராட்டம் மும்முரமாக நடந்த வருஷங்கள். தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கூட்டம், கடையடைப்பு. எங்கள் பகுதி போகுமா இருக்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. என் அண்ணன் ஊர்வலங்களில் முன்வரிசையில் நடக்கிறவன். கோர்ட்டில் என்னை அவனுடைய தம்பியாகப் பார்த்தார்கள். ஊரில் என்னைச் சர்க்கார் ஆளாகப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் நான் வாயைக் குறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் செல்லையன் வழக்கு வந்தது.

செல்லையன் பூவார் பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளி. சந்தைநாளில் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து விற்பான். ஒரு சந்தைநாள் காலையில் ஊர்வலம் அந்த வழியாகப் போனபோது யாரோ ஒரு பஸ்ஸின் மேல் கல்லெறிந்தார்கள். கண்ணாடி உடைந்து டிரைவருக்குக் கண்ணுக்கு மேலே ஆழமாக வெட்டு விழுந்தது. எறிந்தவன் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சந்தையில் எப்போதும் உரக்கப் பேசுகிறவன் என்பதால் செல்லையன் பெயர் முதலில் அடிபட்டது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. குற்றம் நிரூபணமானால் இரண்டு வருஷமாவது உள்ளே இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

அரசுத் தரப்பு முக்கிய சாட்சி தங்கம்மை. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு விற்கிறவள். அன்றைய கூட்டத்தில் அவளுடைய கிழங்குக் குவியல் மிதிபட்டுப் போயிருந்தது. அந்தக் கோபத்தில் செல்லையனுக்கு எதிராகச் சொல்லுவாள் என்று அரசுத் தரப்பு இன்ஸ்பெக்டர் நம்பியிருந்தார். அவர்தான் வழக்கை நடத்தினார். அவரும் வடக்கேயிருந்து வந்தவர்.

"பஸ் கண்ணாடி உடைந்த நேரம் பிரதி எங்கே இருந்தான்?" என்று கேட்டார். பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். நான் தமிழில் கேட்டேன்.

தங்கம்மை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவன் ஆல மூட்டிலே நின்னு கயிறு திரிச்சிட்டு இருந்தான் ஏமானே."

என் வாய் பழக்கத்தில் ஓடியது. "அயாள் ஆலின்சுவட்டில் நின்னு கயறு பிரிக்குகயாயிருந்நு" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டேன். தமிழில் திரிப்பதை மலையாளத்தில் பிரிப்பது என்பார்கள். தமிழில் பிரிப்பது என்றால் அவிழ்ப்பது. இந்த வம்பெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையில்தான் விழுந்தேன்.

மாஜிஸ்திரேட் பேனாவைத் தட்டினார், எழுதினார், தாளை அமுக்கினார். ஆலமரம் பஸ் நின்ற இடத்திலிருந்து சந்தையின் மறு கோடியில். அங்கே நின்று தன் தொழிலைச் செய்துகொண்டிருந்தவன் எப்படிக் கல்லெறிவான்? செல்லையனுடைய வக்கீல் சாமுவேல் எங்கள் ஊர்க்காரர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தன் வழக்குக் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அதற்குள் மதிய இடைவேளைக்கு மணி அடித்தது.

மணி அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சந்தையில் யாராவது கயிறு திரிப்பார்களா? நாரை முறுக்க ராட்டு வேண்டும், ராட்டைச் சுற்ற ஓராள் வேண்டும், நடக்க நீளமாக இடம் வேண்டும். தங்கம்மை சொன்னது அதை இல்லை. அவன் மரத்தடியில் நின்று கூட்டம் சேர்த்து அளந்துகொண்டிருந்தான் என்றாள். கதை விட்டுக்கொண்டிருந்தான்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. சந்தையில் கூட்டம் கூடிப் பேசக் கூடாது என்று அப்போது தடையுத்தரவு இருந்தது. கூட்டம் சேர்த்துப் பேசினான் என்று ஆகிவிட்டால், கல்லெறியச் சொல்லி மூட்டிவிட்டவனே அவன்தான் என்று இன்ஸ்பெக்டர் வாதிப்பார். நான் சொன்ன தப்பான மொழிபெயர்ப்பு அவனைக் காப்பாற்றும். சரியானது அவனை மாட்டிவிடும்.

இதைவிட ஒரு சங்கடம். திரும்ப வாசித்துக் காட்டும்போது நான் என்ன வாசிப்பேன்? 'கயிறு திரித்துக்கொண்டிருந்தான்' என்றுதான். தங்கம்மை தான் சொன்ன அதே வார்த்தையைக் கேட்டு, ஆமா என்று ரேகை வைப்பாள். தமிழுக்குத் திரும்பியதும் அந்தத் தப்பு தானாகவே சரியாகிவிடும். நான் சொன்னால் ஒழிய உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

வராந்தாவில் சாமுவேல் வக்கீல் என்னை ஓரமாக இழுத்தார்.

"தாசு, முகம் எதுக்கு இப்பிடி இருக்கு? வார்த்தைக்கு வார்த்தை சரியாட்டு தானே சொன்னீரு."

"வார்த்தை சரி வக்கீலே. காரியம் சரியில்ல."

"காரியத்தைப் பாக்குகது மாஜிஸ்திரேட்டு. உமக்க வேலை வார்த்தையாக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ஓய், நம்ம ஆளு ஒருத்தன் உள்ள போவணுமா? ஒமக்க அண்ணன் முகத்திலே முழிக்க வேண்டாமா?"

கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தை நான் அவிழ்க்கவில்லை. எனக்குச் செல்லையனைத் தெரியாது. அவனுக்காகப் பொய் சொல்லும் அளவுக்குப் பாசமும் இல்லை, அவனை மாட்டிவிடும் அளவுக்கு விரோதமும் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் மை காய்ந்து அந்த வழக்குக் கட்டில் கிடக்கிறது. அதைத் தங்கம்மை சொல்லவில்லை. அவள் பேரில் அதை நான் சொல்லியிருக்கிறேன். அது மட்டும் தாங்க முடியாமல் மாஜிஸ்திரேட்டின் அறைக்குப் போனேன்.

"சார், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்."

அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "எது?" என்று கேட்கப் போனவர், உடனே இடது கையைத் தூக்கிவிட்டார். "இவிடே வேண்டா. அங்கே வந்து எல்லாரும் கேட்கச் சொல்."

அதைவிட இங்கேயே என்னை வேலையை விட்டு நீக்கியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

மதியத்துக்குப் பிறகு கோர்ட் கூடியதும் எழுந்து நின்றேன். ஜன்னல்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அண்ணனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் தெரிந்தார்கள். "காலையில் சாட்சி சொன்ன வாக்கியத்தை நான் தப்பான பொருளில் மொழிபெயர்த்தேன். கயிறு திரிப்பது என்று தமிழில் சொன்னால் இல்லாத கதையை அளப்பது என்றும் பொருள் உண்டு. சாட்சி அந்தப் பொருளில்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, அதையே தமிழிலும் சொன்னேன். ஜன்னல் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. "காட்டிக்கொடுக்கான் பாரு" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. செல்லையன் கூண்டிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்ல முடியும்.

மாஜிஸ்திரேட் என்னைத் திட்டவில்லை. "நீ நினைப்பது எனக்கு வேண்டாம். சாட்சியிடம் கேள்" என்றார்.

கேட்டேன். தங்கம்மைக்கு ஆச்சரியம். "பின்னே? சந்தையிலே எவனாவது ராட்டும் கொண்டுட்டு வருவானா? அவனுக்க நாக்காக்கும் ராட்டு!"

சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்தார். "அப்படியானால் தடையை மீறிக் கூட்டம் சேர்த்துப் பேசியிருக்கிறான். என்ன பேசினான் என்று சாட்சி சொல்லட்டும்."

"மீன் கதை ஏமானே."

மாஜிஸ்திரேட் பேனாவை மைக்கூட்டில் தொட்டார். "எந்து பறஞ்ஞு?"

தங்கம்மை சொல்லச் சொல்ல நான் சொன்னேன், அவர் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு தட்டு, ஒரு அமுக்கல்.

"பூவாறு பொழியிலே, ஆறு கடலிலே சேருக எடத்திலே, தூண்டில் போட்டானாம். மீனு கொத்திச்சாம். இழுக்கானாம், இழுக்கானாம், மீனு தீரல்லியாம். வாலு பூவாறிலே கெடக்காம். தலை அந்தால தெக்கே நீரோடி ஊருலே போய் நிக்காம். தலை தமிழிலே அழுதாம், வாலு மலையாளத்திலே அடிக்காம். ரெண்டு பக்கத்து ஆப்பீசருமாரும் வந்தாவளாம். தலை எங்களுக்குன்னு ஒருத்தர், வாலு எங்களுக்குன்னு ஒருத்தர். அப்போ வயிறு யாருக்குன்னு கேட்டாவளாம்…"

நிறுத்திவிட்டாள். மாஜிஸ்திரேட் தாளை அமுக்கினார். முதல்முறையாகச் சாட்சியின் முகத்தைப் பார்த்தார்.

"வயிறு யாருக்கு?"

"தெரியாதே ஏமானே. அப்பத்தானே கண்ணாடி ஒடஞ்ச சத்தம் கேட்டுது. எல்லாரும் சிதறி ஓடியாச்சு. எனக்க கெழங்கும் போச்சு, கதையும் போச்சு." பிறகு கோர்ட்டு வாசலைக் கையால் காட்டினாள். "தா, அந்த தொப்பிக்காரரும் அங்ஙன நின்னு சிரிச்சிட்டுத்தானே இருந்தாரு. அவருட்டயே கேளுங்க."

வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளின் காது சிவந்துவிட்டது. ஆரியங்கோட்டுக்காரர், நல்ல மனிதர். காவலுக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். அவரைக் கூப்பிட்டுச் சத்தியம் வைத்துக் கேட்டார்கள். சந்தையில் தமக்கு அன்று டியூட்டி என்றும், மரத்தடியில் நின்றதாகவும், கதை கேட்டதாகவும் ஒப்புக்கொண்டார். "கண்ணாடி உடைந்தபோது கதை எந்த இடத்தில் இருந்தது?" என்றார் மாஜிஸ்திரேட்.

"வயிற்றில் சார்" என்றார் கான்ஸ்டபிள்.

டியூட்டியில் நின்று கதை கேட்டதற்குத் தண்டனை வரும் என்று பயந்து வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வழக்கில் ஒன்றும் மிச்சமில்லை; போலீஸ்காரரே நின்று சிரித்த மீன் கதையைக் கலகப் பேச்சு என்று இன்ஸ்பெக்டராலும் வாதிக்க முடியவில்லை. அடுத்த வாய்தாவில் செல்லையன் விடுதலையானான். தீர்ப்பை வாசித்து முடித்த மாஜிஸ்திரேட் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "அந்த வயிறு என்ன ஆயிற்று என்று கேள்" என்றார்.

கேட்டேன். செல்லையன் கைகூப்பிக்கொண்டு நின்றான். "அது இன்னும் திரிக்கல்ல ஏமானே."

நான் மலையாளத்தில் சொல்ல வாய் எடுத்தேன். இடது கை எழும்பியது. "வேண்டா. மனசிலாயி" என்றார். புரிந்துவிட்டது, வேண்டாம். அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் என்னை நிறுத்தி, இடைவேளைக்கு முன் எடுத்துப் பார்த்த அந்தக் காகிதத்தைக் காட்டினார். கைது செய்தபோது செல்லையனிடம் இருந்த பொருள்களின் பட்டியல். விற்றது போக மீதிக் கயிறு ஒரு சுருள், வெற்றிலைப் பை, துண்டு. திரிக்கிற தேங்காய் நார்த் தும்பு இல்லை, ராட்டு இல்லை. "கயிறு பிரித்தான் என்று நீ விட்டிருந்தால், அஞ்சு நிமிஷத்தில் அந்தப் பெண்ணைப் பொய்சாட்சி ஆக்கியிருப்பேன்" என்றார். "அவள் போனால் அவனும் போயிருப்பான்."

அவனைக் காப்பாற்றுவதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. காப்பாற்றும் என்று நினைத்ததைக் கெடுத்தேன். அதுதான் அவனைக் காப்பாற்றியது. அண்ணன் இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவன், அன்று ராத்திரி சாப்பாட்டில் மீன்தலையை என் இலையில் தள்ளினான். "தலை தமிழாக்கும், தின்னுலே" என்றான்.

ஆனால் பொய்க்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி என்னை விடவில்லை. இட்டி மாத்தன் சாரும் ஒரு நாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் சபைப் போதகரைக் கேட்டேன். மணலைக் கயிறாகத் திரிக்கிறது என்று முன்பு சொல்வார்கள், நடக்காத காரியத்துக்கு; அதில் மணல் உதிர்ந்து கயிறு மட்டும் நின்றிருக்கும் என்றார். சாமுவேல் வக்கீல், வெறும் தேங்காய்ச் சிரட்டையளவு விஷயத்தை ஊர் நீளத்துக்கு இழுப்பதால் அப்படி என்றார். இரண்டும் நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை பூவாருக்கே போனேன். செல்லையன் வீட்டுக்குப் பின்னால், தெங்குகளுக்கு இடையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான கயிறு. அவன் மனைவி பாக்கியம் ஒரு கோடியில் உட்கார்ந்து ராட்டைச் சுற்ற, அவன் இடுப்பில் தும்பைக் கட்டிக்கொண்டு, விரல்களால் இழை கொடுத்தபடி பின்னாலேயே நடந்து போனான்.

"சாறே! வாருங்க" என்றான், நடையை நிறுத்தாமல். "அன்னைக்கு நீங்க எழும்பினப்போ ஒங்களைக் கடிச்சுத் தின்னணும்னு இருந்துது. இப்போ நாழி கஞ்சி வெள்ளம் குடிக்காம விடமாட்டேன்."

வந்த காரியத்தைச் சொன்னேன். பாக்கியம் ராட்டை நிறுத்திவிட்டு, திரித்து வைத்திருந்த ஒரு முழக் கயிற்றை என் கையில் தந்தாள்.

"இதுலே ஒரு தும்பு எங்க தொடங்குது, எங்க தீருதுன்னு காட்டுங்க பாப்போம்."

கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஒவ்வொண்ணும் சாண் நீளமாக்கும், கூடிப்போனா. எல்லாம் உள்ள தும்பு, கள்ளம் இல்ல. சேத்து முறுக்கினா எங்க தொடங்கிச்சுன்னு திரிச்சவனுக்கே தெரியாது. இவருக்க கதையும் அப்பிடித்தான். ஒரு மீனு உள்ளது. ஒரு ஆப்பீசர் உள்ளது. முறுக்கினதாக்கும் இவரு."

போதகர் சொன்னதைவிட, வக்கீல் சொன்னதைவிட எனக்கு இது பிடித்தது. அதுதான் வார்த்தை பிறந்த விதம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். திங்கட்கிழமை இட்டி மாத்தன் சாரிடம் மூன்றையும் சொன்னேன். மூன்றாவதைச் சொன்னபோது அவர் மேசையில் பேனாவை இரண்டு தரம் தட்டினார்.

அந்தச் சனிக்கிழமை கஞ்சி கொதிக்கும்வரை நான் தெங்கின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். செல்லையன் பின்னால் நடந்துகொண்டே, ராட்டின் கிறீச்சுச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, மனைவிக்குக் கோர்ட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டு போனான்.

"தீர்ப்பு சொல்லியாச்சா? மாஜிஸ்திரேட்டு என்ன செய்தாரு தெரியுமா? நாற்காலியிலே இருந்து எழும்பி, படி எறங்கி வந்து, எனக்கு கை குடுத்தாரு. 'செல்லையா, ஒன்னப்போல ஒரு ஆளை நான் கோட்டயத்திலே கண்டதில்ல'ன்னு பறஞ்சாரு…"

பாக்கியம் ராட்டைச் சுற்றியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சார் அங்ஙன இருந்தீங்கல்லா? இது உள்ளதா, கள்ளமா?"

செல்லையன் அந்தக் கோடியில் நின்றுவிட்டான். கயிறு இரண்டு பேருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது.

"உள்ளதாக்கும்" என்றேன்.